வெட்டுக்கிளியும் வேண்டுதலும்

உழவுத் தொழில் ஏனைய தொழில்களினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. தச்சன் தன் மரத்தையும் உளியையும் தன் கைக்குள் வைத்திருக்கின்றான். கமக்காரனோ உழுது, விதைத்து, களை பிடுங்கிய பின்னரும் மழைக்கும் வெயிலுக்கும் தன் உழைப்பை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியவனாகின்றான். இக்காத்திருப்பிலிருந்தே உழவர் குடிகளின் வழிபாடுகள் பல தோன்றின. கிறித்தவ உழவர் சமுதாயமொன்று பெருந்துன்பத்தின் நடுவே ஒன்றுகூடிச் செபித்த வரலாற்றையும், அச்செபம் அவர்களுக்கு அளித்தது யாது என்பதையும் இன்று ஆராய்வோம்.

பயிருக்காகப் பொதுச் செபம் செய்யும் வழக்கம் கிறித்தவ உலகில் மிகப் பழையது. கி. பி. 470ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் வியன் நகர ஆயராயிருந்த மமேர்த்துஸ் என்பவர், ஆண்டவர் விண்ணேறிய திருநாளுக்கு முந்திய மூன்று நாட்களையும் நோன்புக்கும் மன்றாட்டுக்கும் உரியனவாக ஏற்படுத்தினார். 511இல் ஒர்லியன்ஸ் நகரிற் கூடிய சங்கம் இவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் ஐரோப்பியக் கிராமங்களிலே குருவானவர் முன்செல்ல, மக்கள் மன்றாட்டு மாலை பாடிக்கொண்டு வயல்களைச் சுற்றிவருவது வசந்தகால வழக்கமாயிற்று. ஒருவன் தன் வயலுக்காக மட்டும் மன்றாடாமல், அயலான் வயலையும் சுற்றி வந்து அதற்காகவும் மன்றாடினான். இவ்வழிபாட்டின் சிறப்பு இதிலேயே தங்கியுள்ளது.

இவ்வழக்கத்தைத் தம்முடன் கொண்டு கடல் கடந்தவருள் செர்மானியக் கத்தோலிக்க உழவரும் அடங்குவர். ஐக்கிய அமெரிக்காவின் வடபாலமைந்த மினெசோற்றா மாநிலத்தில் ஸ்ரேர்ண்ஸ் என்னும் கவுண்டி உண்டு. கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்துக்கு ஓரளவு ஒப்பான ஆட்சிப் பிரிவாகும். பிரான்சிஸ் பியேர்ஸ் என்னும் மறைப்பணியாளர் செர்மானியப் பத்திரிகைகளில் இந்நிலத்தின் வளத்தைப் புகழ்ந்தெழுதிக் குடியேற வருமாறு அழைத்தார். 1850களில் பலர் வந்து காடு திருத்திக் கோதுமை பயிரிட்டனர். 1856இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளும் அங்கு வந்து சேர்ந்தனர்.

இக்குடியேறிகளின் வாழ்வு வேரூன்றிய வேளையிலேதான் பேரழிவு வந்தது. 1873ஆம் ஆண்டு தொடங்கி 1877 வரை, றொக்கி மலைப் பகுதியிலிருந்து கிளம்பிய வெட்டுக்கிளிகள் மினெசோற்றா வயல்களை ஆண்டுதோறும் தாக்கின. 1875இல் நெபிறாஸ்கா மாநிலத்தின் மேலாகச் சென்ற ஒரு கூட்டம் ஏறக்குறைய 1,98,000 சதுரமைல் பரப்புடையது எனக் கணிக்கப்பட்டது. இலங்கைத் தீவின் பரப்பு 25,332 சதுரமைல். அக்கூட்டம் ஏறத்தாழ எட்டு இலங்கைகளை மூடியிருக்கும். அவை பயிரை உண்டதோடு அமையாமல், கொடியிற் காயப்போட்ட துணிகளையும், வியர்வையின் உப்புப் படிந்த கருவிப் பிடிகளையும் அரித்தன. நசுங்கிய பூச்சிகளால் தண்டவாளங்கள் வழுக்கப் புகைவண்டிகள் நின்றன. லோறா இங்கல்ஸ் வைல்டர் என்னும் எழுத்தாளர், சிறுமியாக இருந்தபோது இம்மாநிலத்திலே தாம் கண்ட இவ்வழிவைப் பின்னர் நூலாக எழுதி 1937இல் வெளியிட்டார்.

இத்துன்பத்தின் கொடுமை ஓராண்டு இழப்போடு முடிவதன்று. தாய்ப்பூச்சிகள் மண்ணில் முட்டையிட்டுச் செல்லும். அவை அடுத்த வசந்தத்திற் பொரித்துப் புதுப்பயிரைத் தின்னும். எனவே விதைக்கும்போதே, தன் காலடியிற் புதைந்திருப்பது நெல்மணிக்கொப்பான கோதுமை மட்டுமன்று, அதனை அழிக்கும் பகையுமாம் என்பதை உழவன் அறிவான். அறிந்தும் விதைத்தான்.

மக்கள் வாளாவிருந்தாரல்லர். இரும்புத் தகட்டிலே நிலக்கரித் தாரைப் பூசி வயலில் இழுத்துச் சென்று, துள்ளும் குஞ்சுகளை அதில் ஒட்டவைத்து அழித்தனர். பூச்சிகளைச் சேர்த்துக் கொடுப்போருக்குச் சில கவுண்டிகள் அளவுக்கேற்பப் பணம் வழங்கின. 1877இல் சார்ள்ஸ் றைலி என்னும் பூச்சியியல் அறிஞரின் தலைமையில் நடுவண் அரசாங்கமும் ஓர் ஆய்வுக்குழுவை நியமித்தது.

அதே ஆண்டு மாநில ஆளுநர் யோன் பில்ஸ்பரி, ஏப்பிரில் 26ஆம் நாளை நோன்புக்கும் செபத்துக்குமுரிய நாளாகப் பிரகடனஞ் செய்தார். மிசூறி மாநிலத்தில் 1875 யூன் 3ஆம் நாள் இத்தகைய செபநாள் முன்னரே நடைபெற்றிருந்தது. சுதந்திரச் சிந்தனையாளர் சிலர் இப்பிரகடனத்தை எதிர்த்தனர். ஆயினும் குறித்த நாளில் மக்கள் தொழிலை நிறுத்திவிட்டுத் தேவாலயங்களிற் கூடினர்.

ஸ்ரேர்ண்ஸ் கவுண்டியில் கோல்ட் ஸ்பிறிங் என்னும் சிற்றூர் மக்களும், அயலூரான ஜேக்கப்ஸ் பிரெயறி மக்களும் மேலும் ஒருபடி சென்றனர். லியோ வின்ரர் என்னும் குருவானவரின் தூண்டுதலால், தேவமாதாவின் பெயரால் ஓர் ஆலயம் எழுப்புவதாக அவர்கள் பொருத்தனை செய்தனர். அவ்வாண்டிலேயே குன்றொன்றின்மேல் மரத்தாலான சிற்றாலயம் எழுந்தது. விளைவிழந்தோர் அதனை எழுப்பினர் என்பதைக் கருதுக. ஒரு குடும்பம் தனித்து அழுத அழுகை, ஆலயப் பணியிலே ஊரின் பொதுத் துன்பமாக மாறிற்று. பொதுவானபோது அதனைத் தாங்கும் தோள்களும் பலவாயின.

செபத்தின் பின்னர் நிகழ்ந்தது யாது? சில நாட்களில் பனியும் குளிர்மழையும் பெய்து குஞ்சுகளை மடித்தன என்று மக்கள் நெடுங்காலம் சொல்லிவந்தனர். ஆயினும் எல்லாம் மடிந்துவிடவில்லை. கோடையிலும் பல வயல்கள் அழிந்தன. ஆகஸ்ட் மாதத்திலே எஞ்சிய கூட்டங்கள் மேலெழுந்து பறந்துபோயின. மாநிலம் முழுவதையும் நோக்குமிடத்து அவ்வாண்டு விளைவு நன்றாகவே இருந்தது. விசுவாசிகள் இதனை இறைவனின் விடை என்றனர். பிறர் இயற்கையின் போக்கு என்றனர்.

ஈண்டு வேறொரு வினாவும் எழுகின்றது. செபநாளை அறிவித்த ஆளுநர் பில்ஸ்பரி, துன்புற்ற கவுண்டிகளை நேரிற் சென்று பார்த்தவர். தம் சொந்தப் பணத்தையும் உதவியவர். எனினும் அரசாங்கம் பெருந்தொகையாக நிவாரணம் வழங்கினால் மக்கள் தன்முயற்சி இழந்து இரவலராவர் என அவர் அஞ்சினார். அவ்வச்சம் முற்றிலும் பொய்யெனத் தள்ளத்தக்கதன்று. ஆனால் வீட்டில் மாவில்லாத உழவன் அதனை எவ்வாறு கேட்டிருப்பான்? கர்த்தர் கற்பித்த செபத்தில் அப்பத்தைக் கேட்போர் தமக்கென்று தனியே கேட்பதில்லை, எல்லாருக்குமாகவே கேட்கின்றனர். அவ்வாறு கேட்டவர் தம் களஞ்சியத்தை அயலானுக்குச் சாத்திவைத்தல் எங்ஙனம்? ஒரு சமுதாயத்தின் பொதுச் செபம் மெய்யானதா என்பதை அளக்க இதனினும் சிறந்த கோல் இல்லை. கூடிச் செபித்தவர் கூடிப் பகிர்ந்தனரா என்றே கேட்டல் வேண்டும்.

எஞ்சிய வரலாறும் வியப்புக்குரியது. வானை மறைத்த அவ்வெட்டுக்கிளியினம் பின்னர் உலகினின்றே அற்றுப்போயிற்று. உயிருடன் அது கடைசியாகக் காணப்பட்டது 1902இல் ஆகும். அது முட்டையிட்டுப் பெருகிய மலையடிவார ஆற்றுப் பள்ளத்தாக்குகளை, உழவர் தாமறியாமலே உழுதும் நீர்பாய்ச்சியும் மாற்றியதே காரணமாகலாம் என ஆய்வாளர் கருதுவர். பல மாநிலங்களின் அறிவும் படையும் தடுக்க மாட்டாததை ஏர்க்கொழு முடித்துவிட்டது போலும்.

மரத்தாலான ஆலயமும் நிலைக்கவில்லை. 1894இல் வீசிய சுழற்காற்று அதனை அழித்தது. பூச்சி ஒழிந்த பின்னும் மக்கள் தம் முன்னோரின் பொருத்தனையை மறந்தாரல்லர். 1950களின் தொடக்கத்தில் அவ்வூர்க் கருங்கல்லாலே அதனை மீண்டும் கட்டினர். வாயிலின் மேலே தேவமாதாவின் உருவமும், அவர் பாதத்தில் வணங்கும் இரு வெட்டுக்கிளிகளும் செதுக்கப்பட்டுள்ளன. வெட்டுக்கிளி ஆலயம் என்றே அதனை அழைப்பர். பகையாய் வந்த பூச்சிக்கும் ஆலய வாயிலில் இடமளித்த அவ்வுழவரின் உள்ளம் நினைந்து போற்றத்தக்கது.

துன்பம் வருங்கால் செபிப்பது எளிது. துன்பம் நீங்கிய பின்னரும் சொன்ன சொல்லைக் காப்பது அரிது. அவ்வரிய செயலையே ஸ்ரேர்ண்ஸ் கவுண்டியின் உழவர் செய்து காட்டினர். விதைத்தனர், தாரிட்ட தகட்டை இழுத்தனர், கூடிச் செபித்தனர், கொடுத்த வாக்கைத் தம் மக்களிடமும் ஒப்படைத்தனர். உழவரின் வேண்டுதல் யாது என்று வினவுவார்க்கு இவை நான்கையும் ஒருங்கே காட்டுதல் தகும்.