பால் வற்றிய மரத்துக்குப் பாலீஷ்

தீபாவளி நெருங்கிவிட்டால் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் நம்மவர் வீடுகளில் வார்னிஷ் வாசனை கிளம்பிவிடும். பழைய நாற்காலி, மேசைகளை வாசலில் இழுத்துப் போட்டு ஒரு தடவு தடவுவோம். பண்டிகையன்று வந்த விருந்தாளி எழுந்திருக்கும்போது அவருடைய புது வேட்டி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு வரும்! கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டான் என்று திட்டுவோம். உண்மையில் குற்றம் மாதத்தின் மீது. பினாங்கில் பெருமழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில்தான். ஈரக் காற்றில் வார்னிஷ் காயாது. அரக்கு பாலீஷோ வெள்ளையாகப் பூத்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில், தைப்பூசத்தை ஒட்டி வெயில் காயும் நாட்களில், இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்காலி என்ன மரம் என்று எப்போதாவது பார்த்ததுண்டா? வெளிர் மஞ்சளாக, இலேசான ரோஜா நிறம் கலந்திருந்தால் அது பெரும்பாலும் நம் பால் மரமாகவே இருக்கும். 1877-இல் கோலகங்சாரில் முதன்முதலாக நட்ட கன்றுகளின் வம்சம்! இருபத்தைந்து, முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்ததும் அதை வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அது வெறும் விறகு. ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்து முடிந்தது. காரணம், அம்மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப் பூஞ்சணம் படரும், வண்டு துளைக்கும். ஜார்ஜ்டவுனின் பழைய கட்டடங்களில் உள்ள செங்கால் மரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பால் மரப் பலகைக்குள் போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அது மேசையாகிக் கப்பலேறியது. ஆகவே, தோட்டத்தில் சும்மா கிடைக்கிறதே என்று பச்சை மரத்தை அறுத்து அலமாரி செய்யாதீர்கள். வண்டு உள்ளே இருக்கும்போது மேலே எத்தனை பூச்சுப் பூசி என்ன பயன்?

இனி வேலைக்கு வருவோம். முதலில் 120-ஆம் எண் மணல் தாள், பிறகு 180, கடைசியில் 240. தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறல் பாலீஷுக்கு அடியிலிருந்து பல்லைக் காட்டும். உளியைப் பட்டையில் ஆழமாகப் போகவிடாமல் மரம் வெட்டிய கைகளுக்கு நிதானத்தை நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

தாய்மார்களே, இதைக் கவனியுங்கள். பழைய வண்ணம் பூசிய கட்டிலையோ தொட்டிலையோ தேய்க்குமுன் யோசியுங்கள். அந்த வண்ணத்தில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூள் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழங்காலத்து வண்ணத்தில் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். கடையில் விற்ற சில வண்ணங்களிலும் ஈயம் மிகுந்திருந்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 2016-இல் எடுத்துக்காட்டியது. சந்தேகமிருந்தால் தேய்க்கவே வேண்டாம். வெறும் மரத்தூளும் நெஞ்சுக்கு ஆகாது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வெளியில் வைத்துத் தேயுங்கள். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் சன்னல்களையெல்லாம் திறந்து வையுங்கள். பிள்ளைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தூளை ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, முதல் பூச்சைக் கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகக் கொடுங்கள். அது மரத்துக்குள் இறங்கும். காய்ந்ததும் 240 தாளால் இலேசாக வருடிவிட்டு அடுத்த பூச்சு. ஒரே கனத்த பூச்சைவிட மூன்று மெல்லிய பூச்சு மேல். சாப்பாட்டு மேசைக்கு அரக்கு பாலீஷ் வேண்டாம். சூடான கோப்பி மங்கு வைத்தால் வளையமாகத் தழும்பு விழும். அதற்கு வார்னிஷே சரி.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. யாரும் நெருப்பு வைக்காமலேயே அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். பலகை வீடு என்றால் கேட்கவே வேண்டாம். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த தகர டின்னில் அமிழ்த்தி மூடிவிடுங்கள். வார்னிஷ் பட்ட துணிக்கும் இதே கதைதான்.

கடைசிப் பூச்சு தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். இருந்தாலும் ஒரு வாரம் வரை அந்த மேசைமீது பிளாஸ்டிக் விரிப்பைப் போடாதீர்கள்.