கண்டதைக் கண்டபடி சொன்ன விமானி

எட்டாம் வகுப்பில் பாடம் முடிந்து மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மாணவன் எழுந்தான்.

"மௌலவி, பிளேன் ஓட்டுறதுக்கு என்னத்தப் படிக்கோணும்?"

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், நல்ல கண்பார்வை, நல்ல தேகசுகம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உடனே பக்கத்தில் இருந்தவன், "இவன் கணக்குச் சோதினையில பார்த்தெழுதுறவன், மௌலவி!" என்றான். வகுப்பே சிரித்தது. கேள்வி கேட்டவன் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் நானே ஒரு விடயத்தை மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், அன்று அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒரு விமானியின் வரலாற்றை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் நம் ஊரவர் அல்லர், நம் மார்க்கத்தவரும் அல்லர். ஆனால் இந்த நாட்டு வானத்தில்தான் அவர் பெயர் எழுதப்பட்டது.

கொக்கலையில் இருந்து ஒரு பறப்பு

காலிக்கு அப்பால் மாத்தறைப் பாதையில் கொக்கல என்ற இடத்தில் ஒரு பெரிய களப்பு உண்டு. எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. இரண்டாவது உலக யுத்தக் காலத்தில் பிரித்தானியர் அங்கே விமானத் தளம் அமைத்தனர். நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் கட்டலினா என்ற இரட்டை எஞ்சின் விமானங்கள் அந்தக் களப்பில் நின்றன. அவை வேகம் குறைந்தவை. ஆனால் மணிக்கணக்காக, தேவையானால் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும், கடலுக்கு மேலே சுற்றிவரக் கூடியவை.

1942 ஏப்ரல் 2ஆம் திகதி கனடிய விமானப் படையைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் என்ற இருபத்தாறு வயது அதிகாரி அங்கு வந்து சேர்ந்தார். இரண்டு நாள் கழித்து, 4ஆம் திகதி விடியுமுன், அவரும் எட்டுப் பேரும் தென்திசைக் கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டனர். நாள் முழுவதும் கடலையன்றி வேறெதையும் காணவில்லை. திரும்பும் நேரம் நெருங்கியது. நிலவு எழுந்ததும் தாம் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணித்துக்கொள்ளலாம் என்பதற்காக இன்னொரு சுற்றுப் பறந்தனர். அப்போதுதான் தெற்குத் தொடுவானில் சில புள்ளிகள் தெரிந்தன.

கிட்டப் போனால் தப்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். தூரத்திலேயே திரும்பி வந்து, "சில கப்பல்களைக் கண்டோம்" என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்யல்ல. ஆனால் எத்தனை கப்பல், எந்த வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்பது தெரியாத செய்தியால் கரையில் இருப்பவர்களுக்குப் பயன் சொற்பம். ஆகவே அவர் கிட்டப் போனார். எண்ணினார். முந்திய டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே நகுமோ தளபதியின் படை அது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் அதில் இருந்தன.

செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. வானொலி இயக்குநர் இரண்டு முறை அனுப்பி, மூன்றாவது முறையில் பாதிக்கு வந்தபோது எதிரி விமானங்களின் சூட்டில் கருவி நொறுங்கியது. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். மிஞ்சிய ஆறு பேரையும் இசொகசே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் கைதிகளாகத் தூக்கிக்கொண்டது.

மறைத்தது பொய்யா?

கப்பலில் விசாரணை தொடங்கியது. "செய்தி அனுப்பினீர்களா?" என்பதே கேள்வி. இல்லை என்று சாதித்தனர். ஜப்பானியர் கிட்டத்தட்ட நம்பியும் விட்டனர். அந்நேரம் கொழும்பிலிருந்து, உங்கள் செய்தியைத் திரும்ப அனுப்புங்கள் என்ற அழைப்பு வானொலியில் வந்தது. அதை ஜப்பானியரும் கேட்டனர். பிறகு விழுந்த அடிகளுக்குக் கணக்கில்லை.

இந்த இடத்தில் ஒரு மாணவி கையை உயர்த்தினாள். "அப்ப அவரும் பொய்தானே சொல்லியிருக்கார், மௌலவி?"

நல்ல கேள்வி. யுத்தகால விதிகளைப் பற்றி நம் சட்ட நூல்களிலும் தனியான பாடமே உண்டு. அதை அந்த வகுப்புக்கு நான் விரிக்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டேன். "அவர் மறைத்தது யாரைக் காப்பாற்ற? தன்னையா, பிறரையா?" அடிக்கும் பகைவனிடம், கரையில் உறங்கும் ஆயிரமாயிரம் பேரின் உயிரைக் காட்டிக்கொடுக்காதிருப்பது ஒன்று. தன்னை நம்பியிருப்பவனிடம், தன் தோலைக் காக்க ஒன்றைச் சொல்வது வேறொன்று. பேர்ச்சல் தன்னை அனுப்பியவர்களிடம் ஒரு கப்பலைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நாமோ பெரும்பாலும் இதற்கு எதிர்மாறு. பகைவனிடம் வாயடக்கம் இல்லை. நம்மை நம்பியவர்களிடம் உண்மை இல்லை.

அந்தச் செய்தியால் விளைந்தது என்ன?

கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பல கடலுக்கு அனுப்பப்பட்டன. பாதுகாப்புப் படைகள் உஷார்ப்படுத்தப்பட்டன. மறுநாள், 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் தாக்குதல் வந்தது. எச்சரிக்கை கிடைத்திருந்தும் இரத்மலானையில் விமானங்கள் தரையில் நின்ற வேளையிலேயே எதிரி வந்து சேர்ந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றே கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

பேர்ச்சலுக்கு "இலங்கையின் இரட்சகர்" என்ற பட்டப்பெயர் வந்தது. உண்மையைப் பற்றிய கட்டுரையில் நாமும் மிகைப்படுத்தக் கூடாது. அந்தப் படையுடன் தரையிறங்கும் துருப்புகள் வரவில்லை. தீவைப் பிடிக்க அல்ல, தாக்கிவிட்டுப் போகவே அது வந்தது. ஆகவே அந்த மனிதர் நாட்டை மீட்டார் என்பதைவிட, பலருடைய உயிரைக் காக்க உதவினார் என்பதே சரி. அதற்கே அவர் கொடுத்த விலை மூன்று தோழர்களின் உயிரும், மூன்றரை வருடச் சிறையும்.

சமமான பங்கு

ஜப்பானில் அடைக்கப்பட்ட முகாம்களில் பேர்ச்சலே கைதிகளுக்குப் பொறுப்பான மூத்த அதிகாரியாக இருந்தார். பட்டினியும் நோயும் நிறைந்த இடம். உணவு மிகச் சொற்பம். அவர் ஓர் ஒழுங்கு செய்தார். உணவு எல்லோருக்கும் முன்னிலையில் பங்கிடப்படும். அதிகாரிகள் கடைசியில்தான் எடுப்பார்கள். அதிகாரியின் கோப்பையில் கூடுதலாக இருப்பதாக எவருக்காவது சந்தேகம் வந்தால், தன் கோப்பையைக் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளலாம்!

இதைச் சொன்னபோது வகுப்பில் ஓசையே இல்லை. பகிர்ந்து கொடுப்பவன் மீது சந்தேகம் வரக்கூடாது என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ சந்தேகிக்க இடம் கொடுத்து, சந்தேகத்தை வேரோடு பிடுங்கினார். நம் சங்கங்களிலும், நிருவாக சபைகளிலும், ஏன், சொத்துப் பிரிக்கும் குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருந்தால் எத்தனை சண்டைகள் இல்லாமல் போகும்!

நோயாளிகளை வேலைக்கு விரட்டியபோது அவர் எதிர்த்து நின்றார். அதற்காக அடிபட்டார், தனிச்சிறையில் கிடந்தார். நடந்தவற்றை இரகசியமாக நாட்குறிப்பில் எழுதிப் புதைத்து வைத்தார். யுத்தத்தின் பின் குற்ற விசாரணைகளில் அந்தக் குறிப்புகள் சாட்சியமாகின. அங்கும் அதே குணம்தான்: கண்டதைக் கண்டபடி எழுதுவது.

1945 ஆகஸ்டில் விடுதலையானார். 1963 முதல் 1967 வரை கனடாவின் அரச இராணுவக் கல்லூரியின் தளபதியாக இருந்து படையிலிருந்து ஓய்வுபெற்றார். பின்னர் 1982 வரை யோர்க் பல்கலைக்கழகத்தில் நிருவாகப் பொறுப்பு வகித்தார். முதுமையில் இளம் படையினரிடம் பேசும்போது, தலைவனுக்கு வேண்டியவை நற்குணம், திறமை, தோழமை என்ற மூன்று என்பார். 2004 செப்டம்பர் 10ஆம் திகதி எண்பத்தொன்பதாவது வயதில் காலமானார்.

ஆகாயம் கற்றுக்கொடுத்த இன்னொரு பாடம்

விமானிகளின் உலகிலிருந்து இன்னொரு நிகழ்ச்சி. 1974 டிசம்பரில் அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேரும் மாண்டனர். கட்டுப்பாட்டு நிலையம் சொன்னதை விமானிகள் பிழையாக விளங்கி, உரிய நேரத்துக்கு முன்பே தாழப் பறந்ததே காரணம். விசாரணையில் வெளிவந்த செய்தி நெஞ்சை உலுக்குவது. ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானியும் அதே இடத்தில் அதே பிழையைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார். அது அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே தெரிந்திருந்தது. மற்றவர்களுக்கு எட்டவில்லை.

இதன் பிறகுதான் 1976இல் நாசா நிறுவனத்தின் பொறுப்பில் ஒரு திட்டம் தொடங்கியது. விமானி தன் பிழையைத் தானே எழுதி அனுப்பலாம். அவர் பெயர் வெளியே வராது. தெரியாமல் செய்த பிழையை ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனையிலும் சலுகை உண்டு. "பிழையைச் சொன்னால் அடிப்போம்" என்றால் எவரும் சொல்லமாட்டார்கள். சொல்லாத பிழை இன்னொருவரைக் கொல்லும். விமானத்துறை பல உயிர்களைக் கொடுத்துப் படித்த பாடம் இது.

பூட்டி வைத்த விடயம்

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற தவணைப் பரீட்சையில் ஒரு மாணவனின் புள்ளிகளைக் கூட்டும்போது நான் பத்துப் புள்ளிகளை விட்டுவிட்டேன். அதனால் வகுப்பில் மூன்றாம் இடம் இன்னொரு பிள்ளைக்குப் போனது. தேர்ச்சி அறிக்கைகள் வீடுகளுக்குப் போய்விட்டன. பரிசுப் பட்டியலும் தயாராகிவிட்டது. அதன் பிறகே பிழையைக் கண்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், நான்கு நாட்கள் பேசாமல் இருந்தேன். "யாருக்குத் தெரியப்போகிறது? பத்துப் புள்ளிதானே? கிடைத்த பிள்ளையின் மனம் உடையுமே!" என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிள்ளையின் மனத்தைப் பற்றி நான் பேசினேனே தவிர, அஞ்சியது என் மரியாதைக்குத்தான். அமானிதம் பற்றி அந்த நாட்களிலும் வகுப்பில் பாடம் நடத்தினேன்.

பேர்ச்சலின் கதையைச் சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நேரே அதிபரிடம் போனேன். அவர் கோபிக்கவில்லை. "நல்லம் மௌலவி, இப்பவாவது சொன்னீங்களே" என்றார். பிறகு இரண்டு வீடுகளுக்கும் நடந்தேன். இடம் கிடைத்த பிள்ளையின் உம்மா தேநீர் தந்து அனுப்பினார். இடம் இழந்த பிள்ளையின் வாப்பா, "எங்கட புள்ள ஊர் முழுக்கச் சொல்லிட்டான், மௌலவி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இன்றும் வீதியில் என்னைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மகனும் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு காயம் ஆகியிராது. உண்மை பேசினால் உடனே எல்லோரும் மெச்சுவார்கள் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதில்லை.

மறுநாள் இதையும் எட்டாம் வகுப்பில் சொன்னேன். எவரும் சிரிக்கவில்லை. விமானியாக விரும்பும் அந்த மாணவனிடம் நான் எதையும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த சோதனையில் வழக்கத்தைவிடக் குறைந்த புள்ளி எடுத்திருந்தான். தாளைக் கொடுக்கும்போது, "இது என்ட சொந்தப் புள்ளி, மௌலவி" என்றான்.

பெற்றோரே, இப்படிக் குறைந்த புள்ளியோடு உங்கள் பிள்ளையும் ஒருநாள் வீட்டுக்கு வரலாம். கண்ணாடிக் கோப்பையை உடைத்துவிட்டேன் என்றோ, காசைத் தொலைத்துவிட்டேன் என்றோ வந்து நிற்கலாம். அந்த நேரம் கையை ஓங்குமுன் ஒரு நிமிடம் பொறுங்கள். அது உங்களை நம்பி உங்களுக்கு அனுப்பப்பட்ட செய்தி. அதை நீங்கள் எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே, அடுத்த செய்தி உங்களுக்கு வருவதும் வராமல் போவதும் இருக்கிறது.

கண்டியில் யுத்தத்தில் மாண்டவர்களுக்கான மயானம் ஒன்று உண்டு. மரங்களின் நடுவே வரிசை வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலும் இருபதுகளில் முடிந்துபோன வாழ்வுகள். விடுமுறை நாளில் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால் சற்று நின்று, இந்த விமானியின் கதையையும் சொல்லுங்கள். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள்.