செயற்கை நுண்ணறிவு முகவர்களின் டோக்கன் மாற்றுக் கருவிகள்

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, ஒருவர் இட்ட பணியைத் தானே படிகளாகப் பிரித்து, பிற மென்பொருள்களை இயக்கி முடித்துத் தரும் நிரல் ஆகும். கையிருப்பில் உள்ள ஒரு கிரிப்டோ டோக்கனை வேறொன்றாக மாற்றி விலைப்பட்டியலுக்குப் பணம் செலுத்த, இம்முகவருக்கு உதவும் நிரல்களே டோக்கன் மாற்றுக் கருவிகள் எனப்படுகின்றன.

புதுச்சேரியின் பழைய முன்மாதிரி

பிறர் சார்பில் பணம் மாற்றிக் கணக்கு முடிக்கும் தொழில் புதுச்சேரிக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் இங்கு வராகன், ரூபாய், பணம், காசு ஆகியவை ஒருசேரப் புழங்கின. ஆளுநர் துய்மா காலத்தில், 1736இல், ரூபாய் அச்சிடும் உரிமை பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. நாணயங்களின் தரத்தைச் சோதித்து மாற்றித் தருபவர் சராப்பு. வணிகப் பேச்சை நடத்துபவர் துபாசி. துப்ளேயின் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு அக்கால வணிகத்துக்குச் சிறந்த சான்றாகும். இன்றைய முகவர் துபாசியின் வேலையையும், மாற்றுக் கருவி சராப்பின் வேலையையும் செய்கின்றன. ஆனால் துபாசி தவறு செய்தால் கேட்க ஓர் ஆள் இருந்தார். நிரல் தவறு செய்தால் பொறுப்பு அதை அமர்த்தியவரையே சேரும்.

செயல்படும் முறை

விலைப்பட்டியலில் கேட்கப்படும் தொகை நிலையானது. எனவே முகவர், "இவ்வளவு கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும்" என்று கேட்பதில்லை. "இவ்வளவு கிடைக்க எவ்வளவு கொடுக்க வேண்டும்" என்று கேட்கிறது. 2018இல் தொடங்கப்பட்ட யுனிஸ்வாப் போன்ற பரவலாக்கப்பட்ட சந்தைகளில் இரு டோக்கன்கள் ஒரு தொகுப்பில் வைக்கப்படுகின்றன. அவற்றின் அளவுகளைப் பெருக்கி வரும் தொகை மாறாதிருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி.

எடுத்துக்காட்டாக, ஒரு தொகுப்பில் 100 ஈத்தரும் 2,00,000 யுஎஸ்டிசியும் உள்ளன எனக் கொள்வோம். ஓர் ஈத்தரின் விலை 2,000. கட்டணத்தைத் தவிர்த்துப் பார்த்தால், 2,000 யுஎஸ்டிசி பெற ஏறத்தாழ 1.01 ஈத்தர் போதும். 20,000 யுஎஸ்டிசி பெற 10 அன்று, 11.11 ஈத்தர் தேவை. தொகை பெருகப் பெருக விலை நமக்கு எதிராக நகர்கிறது. ஆகவே அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்ற வரம்பை முன்பே விதிப்பது இன்றியமையாதது.

இணையத்தில் "பணம் தேவை" என்பதைக் குறிக்கும் 402 என்னும் குறியீடு நெடுங்காலம் பெரிதும் பயன்படாமல் இருந்தது. அதைப் பயன்படுத்தி, முகவர்கள் பணம் செலுத்துவதற்கான எக்ஸ்402 நெறிமுறையைக் காயின்பேஸ் நிறுவனம் 2025 மே மாதம் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள், ஏபி2 என்னும் நெறிமுறையை வெளியிட்டது.

இடர்கள்

ஈத்தர் 18 தசம இடங்களிலும், ஈத்தரியத்தில் யுஎஸ்டிசி 6 தசம இடங்களிலும் கணக்கிடப்படுகின்றன. இதைக் குழப்பினால் தொகை பல கோடி மடங்கு பிழைபடும். விலைப்பட்டியலுக்குள் மறைத்து எழுதப்பட்ட வரியை முகவர் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வேறு முகவரிக்குப் பணம் அனுப்பவும் கூடும். உறுதிசெய்யப்பட்ட பரிமாற்றத்தைத் திரும்பப் பெற வழியில்லை. வரம்பற்ற செலவு அனுமதி தராமை, பெறுநர் பட்டியலை முன்பே வரையறுத்தல், பெருந்தொகைக்கு மனித ஒப்புதல் கேட்டல் ஆகியவை பொதுவான காப்புகள்.

இந்தியச் சட்ட நிலை

ஒன்றியப் பகுதியான புதுச்சேரிக்கும் நடுவண் அரசின் வரிச் சட்டங்களே பொருந்தும். கிரிப்டோ நாணயம் இந்தியாவில் சட்டமுறைப் பணம் அன்று. 2022 ஏப்ரல் முதல் அதன் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரி உண்டு. நட்டத்தைக் கழிக்க இயலாது. 2022 ஜூலை முதல், வரம்புக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்கு 1 விழுக்காடு வரி பிடித்தமும் உண்டு. ஒரு டோக்கனை மற்றொன்றாக மாற்றுவதும் பரிமாற்றமே. ஆக, முகவர் நாளொன்றுக்கு நூறு முறை மாற்றினால் நூறு கணக்குகள் எழுத வேண்டியிருக்கும்.

இதற்கு மாறாக, ரூபாயிலேயே முகவர்வழிக் கொடுப்பனவுக்கான சோதனை முயற்சி, யுபிஐ வாயிலாக 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இதில் டோக்கன் மாற்றம் தேவைப்படுவதில்லை. உள்நாட்டு விலைப்பட்டியலைத் தீர்க்க இது எளிய வழியாகும்.