துண்டுச் சீட்டும் காட்டுவழியும்

ஆபிரிக்க மக்களை விலங்கிட்டுக் கப்பலேற்றிய கொடுமை உலகறிந்தது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆயினும், குறைந்த கூலிக்கு ஆள்தேடும் தோட்ட முதலாளிகளின் தேவை ஒழியவில்லை. அவர்களின் நாட்டம் தமிழகத்தின் வறண்ட சிற்றூர்களின்பால் திரும்பியது.

கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களுக்குப் புறப்பட்டோர், தோணியேறி மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து மாத்தளைவரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக உயிர்களைக் கொள்ளைகொண்டன. நடக்க இயலாதோர் வழியிலேயே கைவிடப்பட்டனர்.

இவர்கள் காலில் விலங்கு இல்லை. தலையில் கடன் இருந்தது. கங்காணி தந்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரில் ஏறின. கடன்தொகையைக் குறிக்கும் சீட்டே ‘துண்டு’. அத்தொகையைப் புதிய தோட்டம் செலுத்தினாலன்றி அவர்கள் இடம்மாற இயலாது.

1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. நுவரெலியா, ஹட்டன் மலைச்சரிவுகளில் தேயிலை தழைத்தது. துண்டுமுறையோ 1921வரை நீடித்தது.

வழிச்செலவு சல்லிக்காசு பிசகாமல் எழுதப்பட்டது. அவ்வழியில் மாண்டவர்களின் கணக்கை மட்டும் எவரும் முழுமையாக எழுதிவைக்கவில்லை.