பீரோவைத் துடைக்காதீர்கள்

ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால் பூட்டு உடைந்து கிடக்கிறது, பீரோ திறந்து கிடக்கிறது. அதற்கடுத்த அரை மணி நேரத்தில் நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் திருடனே கையெடுத்துக் கும்பிடுவான். தெருவே உள்ளே வந்து ஆளுக்கொரு இழுப்பறையைத் திறந்து பார்க்கிறது. ஒருவர் கலைந்த புடவைகளை மடித்து வைக்கிறார். மோப்ப நாயை ஏமாற்றத் திருடன் தூவிய மிளகாய்ப்பொடியை இன்னொருவர் பெருக்கித் தள்ளுகிறார். போலீஸ் வரும்போது வீடு பளிச்சென்று இருக்கிறது. பிறகு, "கைரேகை கிடைக்கவில்லையாமே!" என்று அங்கலாய்ப்பு.

விரல் பட்ட இடத்தில் தங்குவது வியர்வையும் எண்ணெய்ப் பசையும்தான். பீரோ கைப்பிடி, கண்ணாடி, எவர்சில்வர் டப்பா போன்ற வழவழப்பான பரப்பில் அது நன்றாகப் பதியும். ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போச்சு. எனவே போன வழியே வெளியே வந்து 100 அல்லது 112-ஐ அழையுங்கள். ஸ்விட்சைக்கூடத் தொடாதீர்கள். வாசலில் ஒருவரை நிறுத்தி, யாரையும் உள்ளே விடாதீர்கள், சொந்தக்காரர்களையும்தான். நிபுணர் வந்து வீட்டாரின் ரேகையைக் கேட்டால் கோபப்பட வேண்டாம். உங்கள் ரேகைகளைக் கழித்தால்தான் அந்நியன் ரேகை எது என்று தெரியும்.

எதிர்வீட்டு கேமரா பதிவை அன்றைக்கே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டி.வி.ஆர். என்ற பதிவுக் கருவி நிரம்பினால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டுக் காட்சியை மட்டும் நம்பாதீர்கள். பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். விசாரணை அதிகாரிக்கு அதை நினைவுபடுத்துங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3) பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் நேரில் வர வேண்டும், தடயம் எடுப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. வீடு புகுந்து திருடினால் ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆனால் நிபுணர் வருகையை எப்போது கட்டாயமாக்குவது என்று அறிவிக்க மாநில அரசுகளுக்கு ஐந்தாண்டு அவகாசம். அவகாசம் கொடுத்தால் நம் அலுவலகங்கள் அதைக் கடைசி நாள்வரை பயன்படுத்தும் என்பது தெரிந்ததே. அதற்காகக் காத்திராமல், நிபுணரை அனுப்பும்படி புகாரிலேயே எழுதிக் கேளுங்கள்.

போலீஸ் எடுத்துச்செல்லும் பொருள் ஒவ்வொன்றும் மகஜர் பட்டியலில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்தே கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத்தாளில் கூடாது. மறுபடி சொல்கிறேன், வெற்றுத்தாளில் கூடாது.

புகாரில் பவுனைக் குறைத்து எழுதச் சொல்வது பழைய தந்திரம். பன்னிரண்டு பவுன் போனதை ஐந்து என்று எழுதிவிட்டு, மீதி ஏழை எந்த ஆதாரத்தில் கேட்பீர்கள்? புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அது முதல் தகவல் அறிக்கை ஆகாது. எஃப்.ஐ.ஆர். நகலை நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமானால் கமிஷனருக்கு, ஸ்பீட் போஸ்ட்டில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்துடன் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம். அப்போது அந்தத் தபால் ரசீது வேண்டியிருக்கும்.

நகை மீட்கப்பட்டால் அதே நடுவர் மன்றத்தில் திரும்பக் கேட்டு மனுப் போட வேண்டும். பில் தொலைந்திருந்தால், அந்த நகையைப் போட்டுக்கொண்டு எடுத்த கல்யாணப் படத்தையாவது மனுவோடு இணையுங்கள்.