உங்களுக்குத் தெரியுமா? – கட்டுரை நோட்டும் சிவப்பு மையும்

கற்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பவணந்தி முனிவர் அதைப் பின்னத்திலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். 13-ஆம் நூற்றாண்டு நன்னூலின் பாயிரத்தில் இருக்கிறது: ஆசிரியர் சொன்னதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொண்டாலும் தேறுவது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பேசிப் பழகினால் இன்னொரு கால். மிச்சம் அரைப் பங்கு? அடுத்தவருக்குப் பாடம் சொல்லும்போதுதான் அது கைக்கு வரும். கடைசி பெஞ்சில் தூங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். போனது கால் பங்குதான்.

✦

அதே பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பட்டியலும் தருகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வது, எடுத்த பொருளை விட்டுவிட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போகத் தேய்ந்து முடிவது… கட்டுரை நோட்டின் ஓரத்தில் இன்றைக்கும் சிவப்பு மையில் விழுவது இவைதாம். நடுவில் சொன்ன குற்றம் இந்தப் பத்தியை எழுதுபவருக்கு நெருங்கிய சொந்தம்.

✦

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்க வாத்தியார் யாரும் இல்லை. பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்த பையன். லண்டனில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழின் ஒரு தொகுதி கையில் கிடைத்தது. பிடித்த கட்டுரை ஒன்றை எடுப்பார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னதாக ஒரு குறிப்பு எழுதிக்கொள்வார், மூலத்தை மூடிவைத்துவிடுவார். சில நாள் கழித்து, குறிப்பை மட்டும் பார்த்துக் கட்டுரை முழுவதையும் சொந்த வார்த்தையில் எழுதுவார். பிறகு மூலத்தைத் திறந்து ஒப்பிட்டுத் தன் தவறுகளைத் தானே திருத்துவார்.

சொல்வளம் போதவில்லை என்று தெரிந்ததும் உரைநடையைச் செய்யுளாக மாற்றினார். எதுகைக்கும் அளவுக்கும் சொல் தேடித்தானே ஆக வேண்டும்! கொஞ்ச நாள் விட்டு, மூலம் மறந்த பிறகு, அந்தச் செய்யுளை மறுபடி உரைநடையாக்கினார். சில சமயம் குறிப்புகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துவிட்டு, எது முன்னால் எது பின்னால் என்று அடுக்கிப் பழகினார். இதற்கெல்லாம் நேரம்? வேலை முடிந்த இரவு, வேலைக்கு முந்திய காலை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்ததையும் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார்.

1722-இல், 16 வயதில், சைலன்ஸ் டூகுட் என்ற கைம்பெண்ணின் பெயரில் 14 கடிதங்கள் எழுதினார். முதல் கடிதம் ராத்திரியோடு ராத்திரியாக அச்சகக் கதவின் அடியில் போய்ச் சேர்ந்தது. எழுதியது தம்பிதான் என்று தெரியாமலேயே அண்ணன் தன் பத்திரிகையில் போட்டார்.

✦

‘தி ஹாபிட்’ நாவலின் முதல் வாக்கியம் பிறந்தது ஒரு விடைத்தாளில். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை ஒரு பக்கத்தை வெறுமனே விட்டிருந்தது. அதில் என்னவோ தோன்றி ஒரு வரி எழுதிவைத்தார். 1937-இல் புத்தகம் வந்தது. அந்தத் தாளுக்கு எத்தனை மதிப்பெண் போட்டாரோ!

✦

பிள்ளைகளுக்குப் பிள்ளையே பாடம் சொல்லும் சட்டாம்பிள்ளை முறை கப்பலேறியது நம்ம சென்னையிலிருந்துதான். எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல். நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதை ஒருநாள் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னால் ஆசிரியர்கள் மசியவில்லை. சரி என்று 8 வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட, இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்குப் பெயரே ‘மெட்ராஸ் முறை’ என்றானது.

✦

இனி டால்ஸ்டாய். 1859-இல் தம் ஊரான யாஸ்னயா பொல்யானாவில் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். வழக்கமான கட்டுரைத் தலைப்புகள் எதுவும் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. ஒருநாள் ஒரு பழமொழியைக் கொடுத்து, இதைக் கதையாக்குங்கள் என்றார். சோறு ஊட்டிய கரண்டியின் காம்பாலேயே கண்ணைக் குத்துவது பற்றிய பழமொழி. பையன்கள் விழித்தார்கள். சரி, நானே ஆரம்பிக்கிறேன் என்று அவர் ஒரு பக்கம் எழுத, சுற்றி நின்றவர்கள் நாற்காலியின் பின்னால் ஏறி எட்டிப்பார்த்துத் திருத்தம் சொல்லத் தொடங்கினார்கள். ஃபெத்கா, செம்கா என்ற இரண்டு பேர் மட்டும் ராத்திரி வெகுநேரம் நகரவே இல்லை.

கதையில் ஓர் இடம். அவசரத்தில் வெளியே கிளம்பும் ஒரு பாத்திரத்துக்குப் பெண்கள் போடும் ரோமக் கோட்டை மாட்டிவிட்டான் ஃபெத்கா. ஏன் பெண்கள் கோட்டு என்று டால்ஸ்டாய் கேட்டால், அதுதான் பொருத்தம் என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு கோட்டில், நெஞ்சு ஒடுங்கிய மெலிந்த ஆளும், கைக்கு எட்டியதை எடுத்து மாட்டிக்கொள்ளும் குடிசையும் கண்முன் வந்து நின்றதைப் பார்த்து அசந்துபோனார்.

கொடுமை என்னவென்றால், பாதி எழுதியிருந்த தாள்களைப் பள்ளிப் பையன்களே மடித்துக் காகித வெடி செய்து விளையாடித் தீர்த்துவிட்டார்கள். டால்ஸ்டாய்க்குத் தாங்க முடியாத வருத்தம். ஃபெத்காவும் செம்காவும் அவருடைய அறையிலேயே ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதிக் கொடுத்தார்கள். 1862-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: எழுத யார் யாரிடம் கற்க வேண்டும், நம்மிடம் குடியானவப் பிள்ளைகளா, அவர்களிடம் நாமா? ‘போரும் அமைதியும்’ அதற்கு அப்புறம் வந்ததுதான்.

✦

அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ ஒரு காலத்தில் எழுத வராமல் தவித்து மேற்படிப்பைப் பாதியில் விட்டவர். ‘ஆசிரியர் இல்லாமல் எழுதுதல்’ என்று 1973-இல் அவர் போட்ட புத்தகம்தான் ஒரு பயிற்சியை ஊரெங்கும் பரப்பியது: 10 நிமிடம் பேனாவை எடுக்காமல் எழுது, அடிக்காதே, திருத்தாதே, பிழை பார்க்காதே. அடித்தல் திருத்தலுக்கு மார்க் குறைத்த நம் ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தால் தலைசுற்றியிருக்கும்.

✦

1974-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் ஆசிரியர்களைக் கூட்டிவைத்து ஒரு பயிற்சி தொடங்கினார். எழுதச் சொல்லிக்கொடுப்பவர் தாமும் எழுத வேண்டும், எழுதியதைச் சக ஆசிரியர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும். பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. இங்கே ஒரு தமிழாசிரியரிடம், “ஐயா, நீங்க கடைசியா எப்போ கட்டுரை எழுதினீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேட்பது நல்லது.

✦

ரேமண்ட் கார்வர் சிறுகதை மன்னர் ஆவதற்கு ஒரு சாவியும் காரணம். சிக்கோ கல்லூரியில் படித்தபோது வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள், உட்கார்ந்து எழுத இடமில்லை. ஆசிரியர் ஜான் கார்ட்னர் தம் அலுவலக அறைச் சாவியைக் கொடுத்தார், சனி ஞாயிறில் வந்து எழுதிக்கொள் என்று. அங்கே பெட்டியில் இருந்த ஆசிரியரின் கையெழுத்துப் பிரதிகளையும் மாணவர் திறந்து பார்த்துக்கொண்டார். நன்னூல் கணக்கில் இதற்குத் தனியாக வீசம் போட்டுக்கொள்ளலாம்.

✦

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் பாட்டுச் சொல்வார், மாணாக்கர்கள் எழுத்தாணியால் ஏட்டில் எழுதுவார்கள். அப்படி எழுதிப் பழகியவர்களில் ஒருவர் உ.வே.சாமிநாதையர். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் 1919-இல் ஓய்வு பெறும்வரை 39 வருஷம் வகுப்பறையை விடவில்லை. சீவக சிந்தாமணியை 1887-இல் பதிப்பித்ததும் அந்த வேலைக்கு நடுவேதான். புரியாத சமணச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்கள் வீடு தேடிப் போய்க் கேட்டுக்கொண்டார், கல்லூரி ஆசிரியர் என்ற கூச்சமில்லாமல்.

‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் வாராவாரம் எழுத ஆரம்பித்தபோது ஐயருக்கு 85 நெருங்கிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானார். தொடரில் ‘முற்றும்’ போடவில்லை.