ஜீப்புக்குள் ஒரு கட்டில்... ஜன்னலை மட்டும் இறுக்கி மூடாதீங்க!

தைப்பூசம் நெருங்கும் நாள்களில் நெய்க்காரப்பட்டி, பழநி பக்கம் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பாதயாத்திரைக் கூட்டத்துக்குத் துணையாக வேன்களும் ஜீப்களும் மெதுவாக வந்துகொண்டிருக்கும். அண்டா, அரிசி மூட்டை, பாய், தலையணை எல்லாம் அதற்குள்தான். ராத்திரியானால் டிரைவருக்கும் அதுவே படுக்கையறை. கூண்டு வண்டிக் காலத்திலும் இதே கதைதான். அடியில் பரப்பிய வைக்கோல் மனிதருக்கு மெத்தை, மறுநாள் மாட்டுக்குத் தீனி!

இப்போது தார், ஜிம்னி, கூர்க்கா என 4 வீல் டிரைவ் வண்டி வாங்கியவர்கள் இதையே கொஞ்சம் நவீனமாகச் செய்கிறார்கள். பின்பக்கம் ப்ளைவுட் பெட்டி, அதற்குள் இழுப்பறை, மேலே மெத்தை. பழநியிலிருந்து வரதமாநதி அணை வழியாக மலையேறினால் கொடைக்கானல். சீசனில் அங்கே ரூம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று தெரியும்.

வேலையை ஊர் ஆசாரியிடமே கொடுக்கலாம். ஆனால் அளவெடுக்கும்போது வண்டிக்காரரும் கூடவே இருக்க வேண்டும். கால் நீட்டிப் படுக்க 6 அடி தேவை. பின்சீட்டை மடக்கினாலும் பெரும்பாலான வண்டிகளில் அவ்வளவு நீளம் வராது. முன்சீட்டை முன்னால் தள்ளிவிட்டு, கீல் வைத்த பலகையை விரித்துத்தான் மிச்ச இடத்தை நிரப்ப வேண்டும். பெட்டியின் உயரம் ஓர் அடியைத் தாண்டினால், மேலே உட்காரும்போது தலை கூரையில் இடிக்கும்.

பலரும் கோட்டை விடுவது எடையில்தான். 8-க்கு 4 அடி ப்ளைவுட் 12 மி.மீ. கனத்தில் சுமார் 25 கிலோ. அதுவே 18 மி.மீ. என்றால் 35 கிலோ வந்துவிடும். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று கனமான பலகையில் மூன்றை இறக்கினால் 100 கிலோ போச்சு. அதற்கு மேல் 20 லிட்டர் தண்ணீர் கேன், அடுப்பு, துணிமணி, ஆட்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் 12 மி.மீ. போதும், நடுவே தாங்கு சட்டம் கொடுத்தால். ஈரத்துக்கும் அது தாங்கும்.

கனமான சாமான் அடியில், முன்சீட்டை ஒட்டி இருக்கட்டும். கொண்டை ஊசி வளைவில் சட்டென பிரேக் அடித்தால் கட்டாத பெட்டி டிரைவர் முதுகில்தான் வந்து மோதும். இழுப்பறைக்குத் தாழ்ப்பாள் அவசியம். தரையில் கண்ட இடத்தில் துளை போடவும் கூடாது. அடியில் டீசல் டேங்க், பிரேக் குழாய் எல்லாம் ஓடுகின்றன. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளிலும் கொக்கிகளிலும் பெல்ட் போட்டு இறுக்குவதே நல்லது.

இப்படிக் கழற்றி மாட்டும் வசதி சட்டத்துக்கும் ஒத்துவரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 திருத்தத்துக்குப் பின், மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். சீட்டைப் பிடுங்கிவிட்டால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இருக்கை எண்ணிக்கையே தப்பாகிவிடும். மடக்கி வையுங்கள், போதும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் காற்று. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையில் இருந்த ஓட்டை வழியே உள்ளே வந்திருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கொடைக்கானல் விடுதி அறை ஒன்றில், பார்பிக்யூ கரி அடுப்பை உள்ளே வைத்துவிட்டுத் தூங்கிய இளைஞர்கள் இருவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டிலும் எமன் ஒருவனே... கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சுமுட்டுவதே தெரியாது.

அதனால் ராத்திரி இன்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்குவது வேண்டவே வேண்டாம். குளிருக்குக் கம்பளி இருக்கிறது. கணப்போ, கேஸ் அடுப்போ உள்ளே கூடாது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பெட்டிக்கு அடியில்தான் போய்த் தேங்கும். எதிரெதிர் ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலைத் துணி மாட்டினால் காற்று ஓடும். புழுக்கமாக இருந்தால், 10 வாட் பேட்டரி ஃபேன் 8 மணி நேரம் ஓடினாலும் 80 வாட்-ஹவர்தான் செலவாகும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

முதல் பயணத்துக்கு முன் வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் பின்கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. கட்டிலிலிருந்து முன்கதவுக்கு இருட்டிலும் தவழ்ந்து வர வழி இருக்கிறதா என்பதை, குழந்தைகளையும் விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.